பல்கிசுவுக்குச் சில படங்கள்

கானோவில் இது தூசிக்காற்றின் மாதம்.
கதவைச் சாத்திவிட்டு வா, பல்கிசு.
மின்சாரம் இருக்கிறது.
எவ்வளவு நேரத்துக்கென்று
அனுப்புகிறவர்களுக்கே தெரியாது.

நீ இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது நாள்.
இந்திப் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லையென்று
நேற்று கஞ்சி கிளறும்போது சொன்னாய்.
அதுவரை உன்னோடு பேச
என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

முதலில் இந்தப் பச்சை உறை கேசட்.
பெயர் கேட்காதே,
ஒட்டியிருந்த தாளைக் கரப்பான் தின்றுவிட்டது.
ஒரு தபால்காரன்.
அஞ்சலகத்துப் பெரியவரிடம் ஒவ்வொரு உறையாக நீட்டி
அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொள்வான்.
ஊர்க் கடிதமெல்லாம் வீடு சேர்ப்பான்,
தனக்கு வந்ததை மட்டும் பிரிக்கவே மாட்டான்.
ஏனென்று எனக்குப் புரிய
மூன்று தடவை பார்க்கவேண்டியிருந்தது.
சொல்லமாட்டேன்.

மொழி தெரியாதே என்று தயங்காதே.
எனக்கும்தான் தெரியாது.
முந்தானையை வாயில் கடித்தால் அழுகை.
மழை பிடித்தால் பத்தாவது மாதம் பிள்ளை.
தம்ளர் கை நழுவினால்
தூரத்தில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.
மிச்சத்தை நாமே போட்டுக்கொள்ளலாம்,
உப்பு மாதிரி.

பிள்ளைகள் தூங்கியபிறகு பாம்புப் படம்.
வட்டிக்காரர்களை மட்டும் தேடிக் கடிக்கும் பாம்பு.
சாகிருவை உட்காரவைத்துக் காட்டினேன்,
கடைப் பாக்கியை மறுநாளே அடைத்தார்.

அடுத்தது ரயில் நிலையத்துப் படம்.
மகன் போகிற வண்டி நகர்கிறது,
தாய் நடைமேடையில் ஓடுகிறாள்,
விரல்கள் கம்பியைத் தொடுகின்றன,
சட்டென்று
ஒரு கால்பந்து மைதானம்.
கொழுந்தன் லவ்வாலி, புண்ணியவான்,
அதன்மேல் ஆட்டத்தைப் பதிந்துவைத்திருந்தான்.
பதினோரு வருடம் அவள்
எனக்குள் ஓடிக்கொண்டேயிருந்தாள்.
போன வருடம் சந்தையில் முழுப்படம் கிடைத்தது.
ஏறிவிடுகிறாள்.
கட்டிக்கொள்கிறார்கள்.
பெட்டி முழுக்க ஆட்டம்.
வேண்டாம் பல்கிசு,
விரல் கம்பியில் பட்டதும் நிறுத்திவிடு.
அந்த வருடங்களில் எனக்கு
ஓடுகிறவள் ஒருத்தி தேவைப்பட்டாள்.
ஏனென்று ஒருநாள் சொல்வேன்,
சொல்லாமலும் இருப்பேன்.

மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருப்பதை
நான் இல்லாதபோது பார்.
ஒரு ஆண், இரண்டு பெண்கள்.
கதை எழுதுகிறவர்களுக்குக் கழித்தல் மட்டும்தான் தெரியும் போல.
ஒருத்திக்கு இருமல் வரும்,
கைக்குட்டையில் ஒரு சொட்டு ரத்தம் வரும்,
மற்றவள் கையை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு
கண்மை கலையாமல் செத்துப்போவாள்.
நீ வரப்போகிறாயென்று சாகிரு சொன்ன இரவு
அதை இரண்டு முறை ஓட்டினேன்.
இருமவேண்டியது யார் என்று
திரையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.
பொய் எதற்கு,
உன்னைத்தான் இருமவைத்தேன்.
முகம் தெரியாததால் சுலபமாக இருந்தது.
விடிந்ததும் எழுந்து
உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியனுப்பினேன்.

சக்களத்தி என்ற சொல்லுக்கு
அண்டைவீட்டுப் பெண்கள் வைத்திருக்கிற அர்த்தத்தோடு
அவர்கள் ஜன்னலிலேயே நிற்கட்டும்.
இந்த வீட்டில் இப்போது
நாம் இருவருமே இருமுகிறோம்,
தூசியால்.

சரி, தள்ளி உட்கார்.
படம் தொடங்கிவிட்டது.
இதோ அஞ்சலகம், இதோ பெரியவர்.
அவன் சைக்கிள் திரும்பும் திருப்பத்தில்
ஒரு பாட்டு வரும், பார்,

போய்விட்டது.
தெருவெல்லாம் ஒரே பெருமூச்சு.
நம் இருவருக்கும் நடுவில்
ஒரு சின்னப் புள்ளியாகச் சுருங்கி அணைகிறது திரை.

கொஞ்ச நேரம் நீ பேசவில்லை.
பிறகு இருட்டிலிருந்து மெதுவாக,
"அவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதா, அக்கா?"

இருபதே நிமிடம்.
நல்லவேளை, என் முகம் உனக்குத் தெரியவில்லை.

இரு,
ஜெனரேட்டரில் பெட்ரோல் மிச்சமிருக்கிறதா பார்க்கிறேன்.